தோளிலிருந்து கழற்றிய போர்வை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழங்குடி மக்களின் கலைப்பொருள்களும் அணிகலன்களும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருப்பதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், அவற்றைத் திருப்பிக் கொடுப்பதே முறை என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2018-இல் மகன் குடும்பத்தோடு ஹவாய் சென்றிருந்தபோது, ஹொனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தில், ஆங்கிலேயக் கடலோடியான கேப்டன் ஜேம்ஸ் குக்குக்கு ஹவாய் அரசன் ஒருவன் கொடுத்த இறகுப் போர்வையைப் பார்த்தேன். சுமார் 40 லட்சம் இறகுகள், சுமார் 20,000 பறவைகள் என்று கேட்டதும் எனக்கு வியப்பைவிட வருத்தமே வந்தது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் ஏற்றிக்கொண்ட நாம், தன் போர்வைக்காகப் பறவைகளைப் பறித்த ஓர் அரசனின் ஆடம்பரத்தைக் கலை என்று எப்படிப் போற்றுவது?

இரண்டாவது, அந்தப் போர்வை 237 ஆண்டுகள் வெளிநாட்டில் பத்திரமாக இருந்ததால்தான் இன்று கண்ணால் காணக் கிடைக்கிறது. தீவிலேயே இருந்திருந்தால் எலியும் பூச்சியும் தின்று தீர்த்திருக்கும். காப்பாற்றியவர்களிடமிருந்தே பொருளைக் கேட்பது என்ன நியாயம்?

ஒரு சின்னக் குறையும் உண்டு. அந்த அறை ஒரே இருட்டு. அவ்வளவு தொலைவு போயும் வண்ணங்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
கே., நாகர்கோவில்

அன்புள்ள கே.,

ஒரு வரியில் சொல்லி நகர்ந்தது என் பிழைதான். நீங்கள் பார்த்த அந்தப் போர்வையை வைத்தே பேசுவது நல்லது. ஏனென்றால், திருப்பிக் கொடுத்தல் என்றதும் நம் மனத்தில் எழுகிற கொள்ளை, வழக்கு, மீட்பு என்ற கதை இதற்குப் பொருந்தாது. இதை எவரும் திருடவில்லை. கொடுக்கப்பட்ட பொருள் இது. கொடுக்கப்பட்டது என்பதனாலேயே திரும்பிச் சென்றது என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் பறவைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஹவாய் மொழியில் இந்தப் போர்வைக்கு அஹு உலா என்று பெயர்; சிவப்பு உடை என்பது பொருள். சிவப்பு இறகு ஈஈவி என்ற பறவையுடையது. மஞ்சள், ஓஓ என்ற பறவையுடையது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஓஓ பெரும்பாலும் கறுப்பு நிறம். மஞ்சள் என்பது சிறகுக்கு அடியிலும் வாலுக்கு அடியிலும் உள்ள சிறு கொத்துகள் மட்டுமே. மஞ்சள் இறகுகளை மட்டும் பறித்துக்கொண்டு பறவையை விட்டுவிடும் வழக்கம் இருந்ததாகக் கூறப்படுகிறது. ஆனால் உடல் முழுதும் சிவந்த ஈஈவியை அப்படிப் பறித்துவிட்டுப் பறக்கவிட முடியாது. அது கொல்லப்பட்டே இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வருத்தத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் பழியை எங்கே வைப்பது என்பதில் உங்களோடு வேறுபடுகிறேன். பறவை பிடிப்பது அங்கே ஒரு தொழில். மரத்தின் பசையைக் கிளைகளில் தடவி, பூவுக்கு வரும் பறவைக்காக மலைக்காட்டில் நாள் கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அதைச் செய்தார்கள். அவர்கள் சேர்த்த இறகுகள் தலைவர்களுக்கு வரியாகச் சென்றன. 40 லட்சத்தை 20,000-ஆல் வகுத்தால் பறவைக்கு 200 இறகுதான் வருகிறது. அந்தக் கணக்கில் ஒரு போர்வைக்கான இறகு சேர எத்தனை பருவங்கள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்படிப் பல தலைமுறைகள் இறகு எடுத்த பிறகும், குக் ஹவாய்த் தீவில் வந்து இறங்கிய 1779-இல் அந்தப் பறவைகள் காட்டில் இருந்தன. அவை மறைந்தது அதற்குப் பின்னர். 1793 முதல் கப்பலில் வந்த மாடுகள் காட்டை மேய்ந்தன, எலிகள் பெருகின, 1826-இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்கள் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் கொசு, பிற்பாடு பறவை மலேரியாவைப் பரப்பும் வாகனமானது. அரச போர்வைகளுக்கு மிக உயர்ந்த மஞ்சளைத் தந்த மாமோ என்ற பறவை 1890-களின் இறுதியோடு கண்ணில் படாமல் போயிற்று. ஹவாய்த் தீவின் ஓஓ 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அழிந்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வால்டர் ரோத்ஸ்சைல்டுக்காக இத்தீவுகளில் அலைந்த சேகரிப்பாளர்கள், அருகிக்கொண்டிருந்த பறவைகளைத் தேடிப் பிடித்துத் தோலாக்கி அவருடைய அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பறவைகளுக்காக வருந்தும்போது அந்த இழுப்பறைகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் ஆடம்பரம் என்று சொன்ன பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும்போது இது தெரிவதில்லை. ஒலோனா என்பது காஞ்சொறி இனத்தைச் சேர்ந்த, ஆனால் சுணை இல்லாத செடி. அதன் பட்டையை உரித்து, சதையைச் சுரண்டி எடுத்து, மிஞ்சுகிற நாரைத் தொடையில் வைத்து உருட்டி நூலாக்குவார்கள். அந்த நூலால் மீன்வலையைப் போல, ஆனால் மிக நெருங்கிய கண்களோடு ஒரு வலை பின்னப்படும். அதற்கு நாஏ என்று பெயர். பிறகு சில இறகுகளை ஒரு சிறு கொத்தாகச் சேர்த்து, அடித்தண்டில் நூலைச் சுற்றி வலையில் கட்டுவார்கள். கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு புதிய வரிசையும் அதற்குக் கீழே உள்ள வரிசையின் முடிச்சுகளை மறைத்து விழும். கூரை வேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவதும் அதே காரணத்துக்காகத்தான். வெளியே பட்டுப்போல வழவழப்பாகத் தெரியும் அந்தப் பரப்புக்கு அடியில், மனித விரல் ஒவ்வொன்றாகப் போட்ட கணக்கற்ற முடிச்சுகள் இருக்கின்றன. போர்வையோடு வந்த தலைக்கவசத்துக்கு மஹியோலே என்று பெயர். அதன் அடிச்சட்டம் ஈஏஈஏ என்ற கொடியின் விழுதுகளால் பின்னப்பட்டது. அந்தக் கொடி நம் தாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இவற்றை அணியும் உரிமை குலத்தலைவர்களுக்கே உண்டு. போரிலும் சடங்கிலும் அணிந்தார்கள். தலைவனின் உடலில் உறைவதாக அவர்கள் நம்பிய மனா என்ற ஆற்றல் அவன் அணிந்த பொருளிலும் ஏறியிருக்கும். ஆகவே அதைக் கைப்பற்றுவது அவனையே கைப்பற்றுவதற்குச் சமம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். 1779 ஜனவரி 26, கெயலகெக்குவா விரிகுடா. ஹவாய்த் தீவின் அரசனான கலனியோபுவு குக்கைச் சந்திக்க வருகிறான். குக்கின் துணை அதிகாரியான ஜேம்ஸ் கிங் இதை எழுதி வைத்திருக்கிறார். அரசன் எழுந்து, தான் அணிந்திருந்த போர்வையையே கழற்றி குக்கின் தோளில் போர்த்துகிறான். இறகுக் கவசத்தை அவர் தலையில் வைக்கிறான். கையில் ஓர் இறகு விசிறியைத் தருகிறான். மேலும் ஐந்தாறு போர்வைகளை அவர் காலடியில் வைக்கிறான். பின்னர் குக் தம் கப்பலில் அரசனுக்கு ஒரு லினன் சட்டையை அணிவித்து, தம் இடைவாளை அவன் இடுப்பில் கட்டிவிடுகிறார்.

பேகனை நினைவூட்டினீர்கள். எனக்கு இந்த இடத்தில் நம் மேடைகள்தாம் நினைவுக்கு வந்தன. பொன்னாடை போர்த்தும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் போர்த்துவது கடையில் வாங்கிய துண்டு, அது அடுத்த வாரமே வேறொருவர் தோளுக்குப் போய்விடும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கலனியோபுவு தந்தது அத்தகையது அல்ல. தன் தோளில் இருந்ததை, அதாவது தன் வமிசத்தின் மேன்மை முழுவதையும், ஓர் அந்நியனின் தோளில் ஏற்றினான். ஏற்றவன் இனி உறவினன். உறவினனுக்குக் கடமைகள் உண்டு. குக் அதை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார் என்பதை அடுத்த 19 நாள்களே காட்டின. களவுபோன ஒரு படகுக்காக அதே அரசனைப் பணயமாகப் பிடித்துக் கப்பலுக்குக் கொண்டுபோக முயன்று, பிப்ரவரி 14 அன்று அதே கரையில் கொல்லப்பட்டார்.

போர்வை இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே அதற்கு நேர்ந்தது நம் பொன்னாடைக்கு நேர்வதுதான். லண்டனில் ஆஷ்டன் லீவர் என்ற செல்வரின் காட்சிச்சாலையில் வேடிக்கைப்பொருளாக இருந்தது. கட்டுப்படியாகாமல் அவர் காட்சிச்சாலை முழுவதையும் 1786-இல் குலுக்கல் சீட்டில் விட்டார். 1806-இல் ஏலம், வில்லியம் புல்லக் வாங்கினார். 1819-இல் மறுபடியும் ஏலம். சார்லஸ் வின் வாங்கினார். அவருடைய பேரனான செயின்ட் ஆஸ்வால்டு பிரபு, 1912-இல் குடும்பச் சேகரிப்பை நியூசிலாந்தின் டொமினியன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அனுப்பிவைத்தார். அதுவே இன்று வெலிங்டன் நகரில் தெ பாப்பா என்ற பெயரில் இருக்கிறது. குக்கின் பயணங்களில் வந்த பொருள்கள் எவை, அவை எங்கெங்கே சிதறின என்று பழைய ஏலப் பட்டியல்களையும் ஓவியங்களையும் ஒப்பிட்டுப் பல்லாண்டு தேடித் தொகுத்தவர் ஏட்ரியன் கேப்லர் என்ற மானுடவியலாளர். அந்த உழைப்பு இல்லையென்றால் இந்தப் போர்வை யாருடையது என்பதே மங்கிப் போயிருக்கும்.

ஒரு நூற்றாண்டுக்குள் சீட்டிலும் ஏலத்திலும் கைமாறிய ஒன்றைப் "பத்திரமாக இருந்தது" என்று நீங்கள் சொல்வது எனக்குச் சற்று விந்தையாக இருக்கிறது. தப்பியது உண்மை. அது பெரும்பாலும் நற்பேறு. நீங்கள் சொல்லும் மறுபக்கத்தையும் பார்ப்போம். தீவில் இருந்தவை எல்லாம் பிழைத்தன என்று நான் சொல்லமாட்டேன். 1819-இல் அரச குடும்பமே கப்பு என்னும் பழைய விலக்கு முறையைக் கைவிட்டபோது, கோயில்களின் மரச்சிலைகள் பல எரிக்கப்பட்டன. ஆனால் இறகுப் போர்வைகள் எரிக்கப்படவில்லை. கலனியோபுவுவின் மகன் கிவலாஓ 1782-இல் மொகுவோஹாய்ப் போரில் கொல்லப்பட்டபோது அவன் போர்வை, வென்றவனாகிய கமேஹமேஹாவிடம் சேர்ந்தது. அது அரச குடும்பத்திடமே தங்கி, இன்று நீங்கள் சென்ற அதே பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலியும் பூச்சியும் அதைத் தின்னவில்லை. ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள்கள் இருந்தார்கள்.

அந்த அருங்காட்சியகத்தின் பிறப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. கமேஹமேஹா மரபின் கடைசி வாரிசுகளில் ஒருவரான இளவரசி பெர்னிஸ் பவாஹி பிஷப் மறைந்த பின், அவரிடமிருந்த குலச்சொத்துகளைக் காக்க, அவர் கணவர் சார்லஸ் ரீட் பிஷப் 1889-இல் அதை நிறுவினார். நான்கே ஆண்டுகளில், 1893-இல், ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. நாடு போன பிறகும் போர்வைகள் நின்ற இடம் அது. ஆகவே "அருங்காட்சியகமா, மக்களா" என்ற எதிர்நிலையில் இதைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்வி: கேட்பது என்ன நியாயம்? சட்டப்படி தெ பாப்பாவை எவரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. அது வாங்கியதும் இல்லை, பறித்ததும் இல்லை. அதுவும் ஒரு கொடையைப் பெற்றுக்கொண்டதுதான். ஆனால் அங்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு நிர்வாகத்தில் இடம் உண்டு. மாவோரிகள் ஹவாய் மக்களின் பாலினீசிய உறவினர். தாமும் இறகுப் போர்வை செய்தவர்கள். பொருள் என்பது முன்னோரின் உறவைச் சுமந்து நிற்பது என்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2016 மார்ச்சில், தெ பாப்பாவும் பிஷப் அருங்காட்சியகமும் ஹவாய் மக்கள் விவகார அலுவலகமும் சேர்ந்து, சடங்குகளோடு போர்வையையும் கவசத்தையும் நீண்டகாலக் கடனாக ஹொனலுலுவுக்கு அனுப்பின. 2020-இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2016-இல் நடந்த காட்சிக்கு வைத்த தலைப்பில் நாஏ என்ற சொல் இருந்தது. இறகுகளைத் தாங்கும் அந்த வலையின் பெயரேதான். வெலிங்டன் எதையும் இழந்ததாக நான் நினைக்கவில்லை. 1779-இல் அரசன் தொடங்கிவைத்து, குக் காப்பாற்றத் தவறிய உறவை வேறு ஒருவர் முறையாக நடத்திக் காட்டினார். நான் முன்பு எழுதிய அந்த ஒரு வரியில் 'திருப்பிக் கொடுத்தல்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'கொண்டுபோய்ச் சேர்த்தல்' என்று எழுதியிருந்தால் நமக்குள் இந்த விவாதமே வந்திருக்காதோ என்னவோ.

கடைசியாக, இருட்டு. அது சிக்கனமோ அலட்சியமோ அல்ல. ஒளி பட்டால் இறகின் நிறம் வெளிறும். வெளிறியதை மீட்க வழியில்லை. அதனால் இறகும் பழந்துணியும் உள்ள அறைகளில் விளக்கை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் வைப்பது பொது வழக்கம். வெயிலிலிருந்து நேரே உள்ளே வருபவருக்கு அது இருட்டாகத்தான் இருக்கும். அடுத்த முறை போனால் முதலில் பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு மஞ்சள் பகுதியின் அருகே போய்ப் பாருங்கள். ஈஈவி இன்னும் சில மலைகளில் இருக்கிறது. 2017-இல் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த மஞ்சளைத் தந்த ஓஓ இப்போது இல்லை.

அன்புடன்.