கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய முதல் குடும்பங்களின் வீட்டு வாழ்க்கை எப்படி இருந்தது? யானைக் கதையெல்லாம் உண்மையா?

உங்கள் தாத்தாவும் யானை விரட்டிய கதை சொல்லியிருப்பார் போல. உண்மைதான். எங்கள் வீட்டிலும் அந்தக் கதைதான் முதலில் வரும். ஆனால் வீட்டு வாழ்க்கை என்று கேட்டீர்களே, அது அம்மம்மாவின் கதை.

கிளிநொச்சி வயல்களுக்குப் பாயும் இரணைமடுக் குளம் 1920இல் கட்டி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் இருந்தவர்களை 1936 முதல் கிளிநொச்சியில் குடியேற்றினார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் மாரிக்கு வந்து விதைத்து, அரிவு வெட்டி முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்களாம். மலேரியாப் பயம். 1946இல் டி.டி.டி. என்ற நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பயம் குறைந்தது. அம்மம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே கைக்குழந்தையோடு வந்துவிட்டார். அந்தக் குழந்தைதான் என் அம்மா.

மண் சுவர், ஓலைக் கூரை. கிணறு வெட்டும்வரை வாய்க்கால் தண்ணீர்தான், காய்ச்சித்தான் குடிப்பார்கள். ஊரிலிருந்து பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் ஒரு முருங்கைக் கம்பும் கொண்டுவந்தாராம். முருங்கை காய்த்த வருடம்தான் இது வீடு என்று மனதில் பட்டது என்பார். பாலைப்பழக் காலத்தில் கரடிக்குப் பயந்து பொழுது சாயுமுன் விறகு பொறுக்கி வந்துவிடுவார். தாத்தா பரணில் இருந்து தகரம் தட்டி யானை விரட்டிய இரவுகளில், கொட்டிலுக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விடியும்வரை அடுப்பு நெருப்பை அணையவிடாமல் பார்த்தவர் அவர். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

காணிக்கு அரசு கொடுத்த பேமிட், அதாவது அனுமதிப்பத்திரம், தாத்தாவின் பெயரில். தனக்குப் பின் யாருக்கு என்று எழுதிக்கொடுக்காமலே அவர் இறந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் உண்டு. பேமிட் காணிக்கு அது செல்லாது, 1935ஆம் ஆண்டுச் சட்டம்தான். அப்போது அதன்படி மனைவி சாகும்வரை இருக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் இல்லை. அவருக்குப் பின் மகன்தான், மகளுக்கு இடம் மகனுக்குப் பிறகு. தாத்தா எழுதிவைத்திருக்கலாமே என்று இங்கே சிலர் வருவீர்கள். எழுதியிருக்கலாம்தான். ஆனால் எழுதாவிட்டால் ஏன் மகன் முதலில், மூத்தது மகளாக இருந்தாலும்? மகனுக்கு முதலிடம் என்ற அந்த விதியை 2022இல்தான் திருத்தினார்கள். எங்களுக்கு அது உதவவில்லை, காணி அதற்கு முன்பே மாமாவின் பெயருக்கு மாறிவிட்டது.

மாமாவை நான் குறை சொல்லவில்லை. "அக்கா, நீ இருக்கும்வரை இது உன்னுடைய வளவுதான்" என்றார், இன்றுவரை அப்படித்தான் நடக்கிறார். ஆனால் போர் முடிந்து திரும்பியபோது எங்கள் வீடு தரைமட்டம். அம்மா வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது, "காணி யாருடைய பெயரில்?"