காப்பீட்டை மக்கள் ஏன் வாங்குவதில்லை? இந்த ஆராய்ச்சி இப்போது எந்தப் பக்கம் போகிறது?

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தயவுசெய்து, "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வித்தாள் தயாரிக்காதீர்கள்.

என் முனைவர் பட்டத்தின்போது நான் சண்டை போட்டதே இதற்காகத்தான். என் ஆய்வுக்காகப் பேசியவர்களில் பலருக்குப் பாலிசி என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தது. பணத்தை இன்றைக்கே கட்ட வேண்டும், ஆனால் கிளெய்ம் என்று போய் நின்றால் தருவார்களா என்பது அப்புறம்தான் தெரியும், அதுதான் அவர்களுடைய தயக்கம். அதை அப்படியே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், "நிதி அறிவு குறைவு என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடுமே" என்றார். சேர்க்கவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் கசபூரி, வில்லிஸ் இருவரும் கென்யாவின் கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையை எடுத்துச் சொன்னேன். பிரீமியத்தை முன்பணமாகக் கேட்டபோது எடுத்தவர்கள் 5 சதவீதம், அறுவடைப் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றபோது 72 சதவீதம். பாலிசி அதேதான், பணம் கட்டும் நேரம் மட்டும்தான் வேறு. இதில் விழிப்புணர்வு எங்கே வந்தது?

ஆராய்ச்சியின் திசை மாறியது இப்படித்தான். 1960-களில் ஆரோ, மோசின் போன்ற பொருளாதார அறிஞர்கள் பகுத்தறிவுள்ள ஒருவர் எவ்வளவு காப்பீடு எடுப்பார் என்று கணக்குப் போட்டார்கள். 1978-இல் குன்ரூதர் என்ற ஆய்வாளரின் குழு, அரசு மானியம் கொடுத்தும் வெள்ளக் காப்பீட்டை அமெரிக்கர்கள் பலர் எடுக்கவில்லை என்று காட்டியது. நேர் எதிராகப் பொருளாதார ஆய்வாளர் சிட்னரின் 2010 கட்டுரை: வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் பலர், இழப்பில் தாங்களே ஏற்க வேண்டிய தொகையை 1000 டாலரிலிருந்து 500 ஆகக் குறைக்க ஆண்டுக்குச் சுமார் 100 டாலர் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள், கிளெய்ம் வாய்ப்பை வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு 25 டாலர்கூட இல்லை. பெரிய ஆபத்துக்குக் குறைவாக, சின்ன ஆபத்துக்கு அதிகமாகக் காப்பீடு எடுக்கிறார்கள். இப்போது களச் சோதனை, நம்பிக்கை, பணம் கட்டும் நேரம், இழப்பு வந்தும் இழப்பீடு வராமல் போகும் அபாயம், இவற்றில்தான் சுவாரசியமான வேலை நடக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு கிளார்க்கின் 2016 கட்டுரையைப் படியுங்கள்.

நிதி அறிவே தேவையில்லை என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். கையிலிருந்த வேறொரு திட்டத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சூழ்நிலையிலும் நஷ்டமே தரும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் பலர் தேர்ந்தெடுத்ததைக் காட்டிய 2017 ஆய்வும் இருக்கிறது. வாங்குபவர்மேல் மட்டுமே பழி போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று விதி வைத்தால், காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள்தான் கொழிக்கும். மாணவர் கைக்காசைக் கட்டுகிறார், கட்டுரையை யாரும் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிய அதே "விழிப்புணர்வு" கட்டுரை திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.