ஆழம் போனால் தண்ணீர் வருமா?

கேள்வி: 800 அடி போட்டும் எங்கள் போர்வெல் காய்கிறது. பாலைவன சவூதியில் மட்டும் கோதுமை எப்படி விளைந்தது?
- வாசகர், குடியாத்தம்

பதில்: பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை நிலத்தடியில் தங்கியிருந்தது, ஐயா. அதை இறைத்தார்கள். திரும்ப ஊறாத நீர் அது. அதனால்தான் 2008-இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைக் குறைக்கத் தொடங்கி, 2016-இல் நிறுத்தினார்கள்.

நமக்கு அந்த இருப்பும் இல்லை. வேலூர்ப் பக்கம் அடியில் கருங்கல். நீர் நிற்பது மேலாகச் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான். அணைக்கட்டு ஊரில் பக்கத்து நிலத்தில் போர் போடும் வண்டி ஓடியதைப் பார்த்தேன். 300 அடிக்கு அப்புறம் வெறும் வெள்ளைப் பாறைத் தூள், எங்கள் வாழை இலையெல்லாம் படிந்தது. நீர் இறைக்க விவசாயிக்கு இலவச மின்சாரம் வேண்டும்தான். ஆனால் பாலாற்று மணலை அள்ள விட்டுவிட்டு நீர்க் கொள்கை பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளத்தைப் பிடித்துக் கிணறுகளுக்கு ஊட்டுவது அந்த மணல்தானே! இன்னொரு போருக்கு முன்பணம் கொடுக்குமுன், உங்கள் ஏரிக்கு வரத்துக்கால்வாய் திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.