முதலில் உங்கள் பிளவுஸ், பிறகு முப்பரிமாணம்

கேள்வி: எனக்கு வயது 43. சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். தோட்டத்தில் இருந்தபோது அம்மாவிடம் கற்ற தொழில். பிளவுஸ், பஞ்சாபி சூட், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் எல்லாம் வரும். ஈப்போவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், என் பிளவுஸ் வெட்டை ஐந்து சைஸில் கணினி ஃபைலாகத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு மையத்தில் விசாரித்தேன். முப்பரிமாண ஆடை வடிவமைப்பு வகுப்புக்கு 3,800 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இந்த வயதில் முடியுமா? பணம் கட்டலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, உங்களால் முடியும். ஆனால் அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம்.

கடைக்காரர் கேட்டது ஒன்று, அந்த வகுப்பு சொல்லித் தருவது வேறொன்று. குளோ 3டி போன்ற முப்பரிமாண மென்பொருள், வெட்டிய துண்டுகளைத் திரையில் தைத்து, ஒரு பொம்மை உடலுக்குப் போட்டு, துணி எப்படி விழுகிறது என்று காட்டும். அருமையான கருவிதான். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினி வேண்டும், சந்தாவும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேயும் அடிப்படை, தட்டையாக வரைந்த பேட்டர்ன்தான், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடம். கடைக்காரருக்கு வேண்டியதும் அந்தத் தட்டைப் பேட்டர்ன்தான், ஐந்து சைஸில்.

அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. 2013இல் தொடங்கிய வாலன்டினா என்ற திட்டத்திலிருந்து பிரிந்து, 2017 முதல் சீம்லி2டி என்ற பெயரில் வருவது. சாதாரண மடிக்கணினியே போதும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

இதில் அளவுகள் ஒரு ஃபைலில் இருக்கும், படம் இன்னொரு ஃபைலில் இருக்கும். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நீங்கள் தாளில் 9 அங்குலம் குறித்து, லூஸுக்குக் கொஞ்சம் சேர்ப்பீர்கள். இங்கே 9 என்று போடக் கூடாது. மார்பை நாலால் வகுத்து இவ்வளவு கூட்டு என்று கணக்காகவே எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால், அளவு ஃபைலை மாற்றியதும் 36க்கு வரைந்த பிளவுஸ் 40க்குத் தானாக மாறி நிற்கும். ஓர் இடத்தில் வெறும் எண்ணைப் போட்டுவிட்டால் அந்த இடம் மட்டும் அசையாமல் நின்று, கை வளைவு கோணிப்போகும்.

உங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான். இத்தனை வருஷமும் கண்ணளவில் செய்ததையெல்லாம் விதியாகச் சொல்ல வேண்டியிருக்கும். கழுத்து இறக்கம் எதைப் பொறுத்தது? உடல் வடிவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே முடிகிறது, ஏன்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பிளவுஸ் வெட்டை வரிக்கு வரி தமிழில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் கணினியைத் திறப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். சைஸ் ஏற்றுவதிலும் உங்கள் அனுபவம்தான் கைகொடுக்கும். மார்பு 2 அங்குலம் கூடும்போது தோளும் கழுத்தும் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

தாளில் வெட்டிப் பழகியவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம், தையலுக்கு விடும் துணி. நாம் அதையும் சேர்த்தே வரைந்துவிடுவோம். இங்கே முதலில் தையல் கோட்டை மட்டும் வரைய வேண்டும், விடும் துணியை அப்புறம் தனியாகச் சேர்க்க வேண்டும். ஃபைலைத் தொடங்கும்போதே அங்குலமா சென்டிமீட்டரா என்று முடிவுசெய்துவிடுங்கள்.

கை பழகுவதற்குப் பழைய முறை பாஜு கூரோங் நல்ல தொடக்கம். உடல், கை, பெசாக் (பக்கத் துண்டு), கெகெக் (அக்குள் துண்டு) என்று பெரும்பாலும் நேர்கோட்டுத் துண்டுகள். அதை வரைந்து முடித்தபின் பிளவுஸுக்கு வாருங்கள், வளைவுகள் அவ்வளவாகப் பயமுறுத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுவாகப் பாதி உடலை வரைந்து, கண்ணாடிபோல் மறுபாதிக்குத் திருப்பிவிடுவார்கள். கடைக்கு அது சரி. ஆனால் உங்களிடம் வரும் அம்மாக்களில் எத்தனை பேர் வருஷக்கணக்கில் தோளில் காண்டா கம்பை வைத்து, அதில் ரப்பர் பால் வாளி சுமந்தவர்கள்! ஒரு தோள் தாழ்ந்திருந்தால் இரண்டு பாதியையும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். கணினி வந்துவிட்டது என்பதற்காக அவர்களுக்கு இன்ச் டேப்பைப் போட்டு இரண்டு தோளையும் அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

அச்சிடும்போது ஒரு கவனம். பேட்டர்னோடு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றையும் வரைந்து, ஏ4 தாளில் முதல் பக்கத்தை மட்டும் எடுத்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பிரிண்டர் படத்தைச் சுருக்கியிருக்கிறது. அளவை 100 சதவீதத்தில் வைத்து மறுபடி எடுங்கள். பெரிய தாள் வேண்டுமானால், வீட்டு வரைபடம் அச்சிடும் கடைகளில் ஏ0 அளவில் எடுத்துத் தருவார்கள். கடைக்காரரிடம் அவருக்கு பிடிஎஃப் போதுமா, டிஎக்ஸ்எஃப் (வேறு வரைபட மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஃபைல்) வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அவருடைய தையல் ஆலையில் கெர்பர், லெக்ட்ரா போன்ற பெரிய மென்பொருள் இருந்தால் டிஎக்ஸ்எஃப் கேட்பார்கள். சீம்லியில் இரண்டுமே வரும். விலை பேசும்போது ஒரு பேட்டர்னுக்கு என்று பேசுங்கள், தையல் கூலியோடு கலக்க வேண்டாம். அந்த வெட்டு உங்களுடையது.

ஆங்கிலத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். அன்றாடம் தொடும் பொத்தான்கள் கொஞ்சம்தான். அவற்றின் பெயரையும் அந்த நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே கொமுனிட்டி கல்லூரி இருக்கிறது. இப்போது கணினி, தையல் குறுகிய காலப் பயிற்சி ஏதாவது நடக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழையும் விசாரியுங்கள். வகுப்பில் சேராமலேயே, செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி, அனுபவத்தின் பேரில் அதைப் பெறும் பிபிடி என்ற வழி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காகவே உள்ள வழி அது. தைத்த உடைகளின் படங்கள், ரசீதுகள், அளவுப் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஐந்து சைஸ் பேட்டர்னைக் கடைக்காரரிடம் கொடுத்து, அதிலிருந்து ஒரு பிளவுஸாவது தைத்துப் பார்த்தபின், முப்பரிமாணம் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். அப்போதும் வேண்டும் என்று தோன்றினால், மையத்துக்குப் போய், உங்கள் பேட்டர்னையே வகுப்பில் ஏற்றிப் பழக விடுவார்களா, வகுப்பு முடிந்தபின் மென்பொருள் சந்தாவை யார் கட்டுவது என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் கட்டுங்கள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் மட்டும் தொடங்காதீர்கள். துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் தைத்து முடித்து, ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு ஆரம்பியுங்கள்.