2013 பிஎம்டபிள்யூ 328ஐ (328i) கார் விலை குறைந்து கிடைக்கிறது. அதன் என்20 எஞ்சினை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் டைமிங் செயினைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்20 வந்தது 2011-இல். 1997 சிசி, நான்கு சிலிண்டர், நேரடி எரிபொருள் பீய்ச்சல், ட்வின் ஸ்க்ரோல் (புகைவழி இரண்டாகப் பிரிந்த) டர்போ. 328ஐ-யில் 245 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக வந்ததால் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இழுவையில் இது சோடை போகவில்லை. சத்தத்தில் மட்டும் அந்த இனிமை இல்லை.

தலைவலி டைமிங் செயினில், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயக்கும் சங்கிலியில். செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடுகள் நாளடைவில் இறுகி நொறுங்கும். சில்லுகள் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். எஞ்சினுக்கு ஆயில் போகாது. செயின் பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போச்சு. 2015 தொடக்கம் வரை தயாரானவற்றில்தான் இது அதிகம்.

எஞ்சின் சூடானதும் பானெட்டைத் திறந்து, முன்பக்கம் கீழே காது கொடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது கூடவே ஏறும் ‘ஊஊ’ என்ற ஊளை கேட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். கைடு மாற்றிய பில் இருந்தால் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் கசிவு, எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் பழுது எல்லாம் வரும். செலவு வைக்கும், எஞ்சினைக் கொல்லாது, டெம்பரேச்சர் எச்சரிக்கை வந்தும் ஓட்டினால் தவிர. ஆயிலை மட்டும் கார் சொல்லும் வரை காத்திருக்காமல் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள்.