செக்கோயா: பலகை மாறினாலும் படகு மாறுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர்களின் சொகுசுப் படகான செக்கோயாவைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். அவ்வளவு பணம் படைத்த நாட்டின் அதிபர்கள் 104 அடி நீளமே கொண்ட ஒரு மரப்படகை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏன் வைத்திருந்தார்கள்? இற்றுப்போன பலகைகளையெல்லாம் மாற்றிவிட்டால், அதைப் பழைய படகு என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக, எஞ்சியிருப்பதை அப்படியே ஓர் அருங்காட்சியகக் கூடத்தில் ஏற்றி வைத்துவிடலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செக்கோயா அதிபர்களுக்காகக் கட்டப்பட்ட படகே அல்ல. 1925ஆம் ஆண்டு, நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் இருந்த மாத்திஸ் படகுத் தளத்தில், ஃபிலடெல்ஃபியாவின் கேட்வாலடர் தம்பதியருக்காக அது கட்டப்பட்டது. அத்தம்பதியரில் மனைவியான எமிலி கேட்வாலடர், நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங்கின் பேத்தி. (பின்னாளில் துருக்கி அரசு தன் அதிபர் அத்தாதுர்க்குக்காக வாங்கிய சாவரோனா என்னும் பெருங்கப்பலை 1931இல் ஹாம்பர்க்கில் கட்டுவித்தவரும் அவரே.) செக்கோயாவை வரைந்தவர் நார்வேயில் பிறந்த ஜான் டிரம்பி.

டிரம்பியின் பெயர் நிலைத்தது படகுவீடு வகையைச் சேர்ந்த மோட்டார் படகுகளால். அமெரிக்காவின் வடபகுதிச் செல்வந்தர்கள் குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழித்தார்கள்; அங்குள்ள காயல்களிலும் கால்வாய்களிலும் ஆழமில்லாததால், அடிப்பாகம் ஆழ இறங்கும் பெரிய நீராவிப் படகுகள் உள்ளே செல்ல முடியவில்லை. ஆகவே டிரம்பி நீருக்குள் சுமார் நாலரை அடி மட்டுமே இறங்கும், அடி தட்டையான உடலை வரைந்து, இரண்டு டீசல் எஞ்சின்களைப் பொருத்தி, வசிப்பதற்கான அறைகளைப் பெருமளவு தளத்துக்கு மேலே, அகன்ற சன்னல்களோடு அமைத்தார். இத்தகைய உடல் திறந்த கடலின் அலையில் உருளும், உயர்ந்த பக்கங்களில் காற்று பிடிக்கும். அந்தக் குறையை அறிந்தே, அமைதியான நீருக்கான படகை அவர் செய்தார் என்பதால்தான் எனக்கு அவர்மீது மதிப்பு.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. 1931இல் அமெரிக்க அரசின் வணிகத் துறை இப்படகை வாங்கியது. அதிபர் ஹூவர் அதைப் பயன்படுத்தினார். 1933இல் அது கடற்படைக்கு வந்தது. வாஷிங்டனிலிருந்து போட்டோமாக் ஆற்றில், முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் இல்லமான மவுண்ட் வெர்னான் வரை ஒரு மாலைப்பொழுதில் போய்த் திரும்பும் அதிபருக்குப் பெருங்கடலைத் தாண்டும் கப்பல் எதற்கு? மரம் என்பதால் தீப்பற்றும் அச்சம் இருந்தது. 1936இல் ரூஸ்வெல்ட்டுக்கு எஃகாலான வேறு கப்பல் தரப்பட்டதற்கு அதுவே காரணம். ஆயினும் பின்வந்த அதிபர்கள் செக்கோயாவையே நாடினார்கள். போலியோவால் நடக்க இயலாத ரூஸ்வெல்ட்டுக்காக அதில் ஒரு மின்தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதிபர் ஜான்சன் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மதுபானம் பரிமாறும் மேடையை அமைத்தார். 1977இல் அதிபர் கார்ட்டர் படகையே விற்கச் செய்தார்.

இரண்டாவது கேள்வியில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஓக் மர வங்குக்கால்களின்மேல் (படகின் விலா எலும்புகள் போன்ற குறுக்குச் சட்டங்கள்) பைன் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அறைந்து, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து நீர் புகாதபடி அடைத்து, அதாவது கலப்பத்து செய்து, கட்டிய உடல், பலகையைக் கழற்றி மாற்றுவதற்கென்றே அமைந்தது. நீரில் கிடக்கும்போது பலகை ஊறிப் பருத்து இடுக்கை இறுக்கிக்கொள்ளும். கரையில் கிடந்தால் காய்ந்து சுருங்கி, இடுக்குகள் வாய் பிளக்கும். உப்புநீரைவிட, மேல்தளத்தின் வழியே கசிந்து உள்ளே தேங்கும் மழைநீரே இத்தகைய மரத்தை அதிகம் உளுக்க வைக்கிறது. ஆகவே நீங்கள் சொல்லும் அருங்காட்சியகக் கூடத்தின் வறண்ட காற்று இப்படகுக்கு நல்லதே அல்ல.

வர்ஜீனியாவின் டெல்டாவில்லில் நடந்தது அதைவிடக் கொடியது. விற்கப்பட்ட படகின் உரிமை குறித்து வழக்கு நடந்த ஆண்டுகளில் செக்கோயா போதாத தாங்கிகளின்மேல் கரையில் கிடந்தது. அதில் ரக்கூன்கள் என்னும் சிறு காட்டு விலங்குகள் குடியேறியதை, வழக்கை விசாரித்த டெலாவேர் மாநில நீதிபதி 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். ரக்கூன்களை விரட்டிவிடலாம். தாங்கி சரியில்லாமல், படகின் முதுகெலும்பாக அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை வளைந்தால் டிரம்பி வரைந்த கோடே கெடும் என்பதுதான் கவலைக்குரியது. 2019இல் படகை ஒரு பார்ஜில் (தட்டையான சரக்குத் தோணியில்) ஏற்றி, செப்பனிடுவதற்காக மெய்ன் மாநிலத்தின் பெல்ஃபாஸ்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏராக்கட்டையை நிமிர்த்தி, பழைய வளைவுகளுக்கு ஏற்ப வங்குக்கால்களை நிறுத்திய பிறகு, புதுப்பலகை எத்தனை ஏறினாலும் எனக்கு அது 1925ஆம் ஆண்டின் படகுதான். உள்ளறைகளில் மட்டும் அந்த ஆண்டுக்குத் திரும்பக் கூடாது என்று நினைக்கிறேன். மின்தூக்கி இருந்த இடமும், அங்கே பின்னர் வந்த மேடையும் செக்கோயாவின் வரலாற்றைச் சேர்ந்தவை. கேட்வாலடர் காலத்து அழகுக்காக அவற்றை அழிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்