முதல் கியர் எங்கும் போய்விடவில்லை

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். நெடுநாள் ஆசைப்பட்ட 1987ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 560 எஸ்எல் காரைச் சென்ற ஆண்டு வாங்கினேன். நெடுஞ்சாலையில் அருமையாக ஓடுகிறது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்து புறப்படும்போது பிக்கப்பே இல்லை. பக்கத்தில் நிற்கும் சாதாரணக் குடும்பக் கார்கள்கூட முந்திவிடுகின்றன. பட்டறையில் காட்டினால், முதல் கியர் விழவில்லை, கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று 5,500 டாலர் கேட்கிறார்கள். பழைய உதிரிபாகங்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவர் 450 எஸ்எல் காரின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியை, போடச் சொல்கிறார். இணையத்தில் மலிவாக ‘பவர் சிப்’ விற்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: முதலில் அந்தப் பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் கியர்பாக்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் காரின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, சாதாரணமாக நெம்புகோலை ‘டி’யில் வைத்து மெதுவாக மிதித்தால், இரண்டாவது கியரில்தான் புறப்படும். இது பழுது அல்ல. வண்டி குலுங்காமல் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும் என்று தயாரித்தவர்களே வைத்த ஏற்பாடு. முதல் கியர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ‘டி’யில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை, கடைசியில் ஒரு சிறு தடையைத் தாண்டும்வரை மிதித்தால் மட்டுமே அது வெளியே வரும். இதை அறியாத மெக்கானிக் காரை ஓட்டிப் பார்க்கிறார், மூன்று கியர் மாற்றங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் உணர்கிறார், முதல் கியர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். அறிந்தே எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள்மேல்தான் எனக்குத் தீராத கோபம். நல்ல நிலையில் இருந்த பெட்டி பிரிக்கப்பட்டு, மலிவான சீல்களோடு திரும்ப மூடப்பட்டு, ஆறே மாதத்தில் எண்ணெய் கசியத் தொடங்கிய கார்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆகவே இன்று மாலையே ஒரு சோதனை செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை. ஆளில்லாத, நேரான சாலையில் காரை நிறுத்தி, நெம்புகோலை மிகத் தாழ்ந்த நிலைக்கு இழுத்துவிட்டு, இயல்பாகப் புறப்படுங்கள். வண்டி முதல் கியரில் கிளம்பும். வித்தியாசம் உங்கள் முதுகுக்கே தெரியும். வேகம் எடுத்ததும் நெம்புகோலை மேலே தள்ளி ‘டி’க்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் இழுவை, இரண்டாவது கியரில் போவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். தரகர் சொல்லும் டிஃபரன்ஷியல் மாற்றம் தரக்கூடிய லாபத்தைவிட இது இரண்டு மடங்கு பெரிது. அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்படிப் புறப்படும்போது வண்டி துள்ளிக்கொண்டு போனால் கியர்பாக்ஸைப் பற்றிய கவலையை அத்தோடு விட்டுவிடலாம். அடுத்து பார்க்க வேண்டியது உங்கள் பாதத்துக்கும் இன்ஜினுக்கும் இடையில் உள்ள கம்பிகளை.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பெடலிலிருந்து, இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவான த்ராட்டில் வரை தண்டுகள், நெம்புகள், பந்து மூட்டுகள், பிளாஸ்டிக் புஷ்கள் என்று ஒரு நீண்ட சங்கிலி போகிறது. ஏறக்குறைய 40 ஆண்டு வெப்பத்தில் அந்த புஷ்கள் தேய்ந்திருக்கும், சில உதிர்ந்தே போயிருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் சேர்ந்துகொள்வதால், நீங்கள் பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாலும் த்ராட்டில் முழுவதும் திறப்பதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம் நின்று, இன்ஜின் மேல் இருக்கும் த்ராட்டில் நெம்பைக் கையால் மேலும் தள்ளிப் பாருங்கள். அது இன்னும் நகர்ந்தால் அந்த அளவு சக்தி உங்களுக்குக் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. மிதியடியைத் தூக்கிவிட்டும் ஒருமுறை பாருங்கள். தடித்த மிதியடியே பெடலைக் கடைசி வரை போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும் கார்கள் உண்டு. தேய்ந்த புஷ்களை மாற்றி, தண்டின் நீளத்தைச் சரியாக அமைப்பது ஒரு நாள் வேலை.

அதே சமயத்தில் கிக்டவுன் சுவிட்சையும் சோதிக்கலாம். பெடலுக்கு அடியில் இருக்கும் இந்தச் சுவிட்ச், அடிவரை மிதித்தவுடன் கியர்பாக்ஸில் உள்ள ஒரு சொலினாய்டுக்கு, அதாவது மின்சார வால்வுக்கு, மின்சாரம் அனுப்புகிறது. அதுதான் முதல் கியரைக் கூப்பிடுகிறது. சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, இன்ஜினை ஓடவிடாமல், பெடலை அடிவரை அழுத்தினால் காருக்கு அடியிலிருந்து ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், கம்பி, சொலினாய்டு என்று வரிசையாகப் பாருங்கள். எதுவும் பெரிய செலவு இல்லை. பட்டறையில் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பதிலிலிருந்து அவர்கள் தரம் தெரிந்துவிடும்.

இனி ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னதை நம்பி, உண்மையிலேயே பழுதான பெட்டியோடு நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நெம்புகோலைத் தாழ்ந்த நிலையில் வைத்து மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் உறுமி, வண்டி நகர மறுத்தால் அது இரண்டாவது கியரில் புறப்படும் மந்தம் அல்ல, வழுக்கல். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மந்தம் என்றால் இன்ஜின் சத்தமும் தாழ்ந்திருக்கும், வண்டியும் மெதுவாக நகரும், இரண்டும் ஒன்றாகவே ஏறும். வழுக்கல் என்றால் இன்ஜின் சத்தம் மட்டும் தனியாக மேலே போகும். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பாருங்கள். வண்டி நன்றாகச் சூடான பின், சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நெம்புகோல் ‘பி’யில் இருக்கும்போதுதான் அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்த்துவிட்டு எண்ணெய் ஊற்றினால் அளவு மிஞ்சிப்போய், அதுவே புதுத் தொல்லை ஆகும். அளவு சரியாக இருந்தும் முன்னோக்கி மட்டும் வழுக்குகிறது, ரிவர்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், பி2 பிஸ்டனைச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பட்டையை இறுக்கிப் பிடிக்கும் பிஸ்டன் அது. இந்தக் குடும்பத்துக் கியர்பாக்ஸ்களில் பழைய வகைப் பிஸ்டன் உடைவது நன்கு அறியப்பட்ட நோய். பலப்படுத்தப்பட்ட மாற்றுப் பிஸ்டன் கிடைக்கிறது. பெரும்பாலும் பெட்டியை முழுவதும் பிரிக்காமலேயே மாற்றிவிடலாம். ஆகவே உண்மையான பழுது இருக்கும்போதுகூட 5,500 டாலர் என்பது முதல் வார்த்தையாக இருக்கக் கூடாது. ‘முழுவதும் பிரிக்க வேண்டும்’ என்று தொடங்குகிறவரிடம், பி2வைப் பார்த்தீர்களா, எந்த அழுத்தத்தை எங்கே அளந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எண்ணெய் மாற்றும்போது ஒரு வார்த்தை. இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும் இந்தக் காரில் வடிகால் திருகு உண்டு. கீழ்த்தட்டை மட்டும் வடித்துவிட்டு முழு மாற்றத்துக்கு பில் போடுகிறார்கள். பாதிப் பழைய எண்ணெய் உள்ளேயே தங்கிவிடுகிறது.

இன்ஜின் பக்கம் அதிகம் சொல்ல மாட்டேன். 5.5 லிட்டர் வி8, அமெரிக்கச் சந்தைக்கான கணக்கில் 227 குதிரைத்திறன். நல்ல நிலையில் இருந்தால் போதுமான சக்தி. இக்னிஷன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் போகும். அதில் விரிசல் விட்டிருந்தால் இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாமல் போகும், தீப்பொறி விழும் நேரம் தவறும். இன்ஜின் சுமைக்கு ஏற்பக் கியர்பாக்ஸின் அழுத்தத்தை அமைக்கும் மாடுலேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சிப் புகைத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக்குகள் எல்லாம் வழக்கமான பராமரிப்பு.

பவர் சிப் விஷயத்துக்கு வருகிறேன். அது மோசடி. மழுப்பாமல் சொல்கிறேன். உங்கள் காரின் எரிபொருள் அமைப்பு, போஷ் நிறுவனத்தின் கேஇ-ஜெட்ரானிக். அதன் அடிப்படை அளவீடு உள்ளே போகும் காற்று தள்ளும் ஒரு உலோகத் தட்டையும் பெட்ரோலின் அழுத்தத்தையும் நம்பியது. செருகி மாற்றிக்கொள்ளும்படியான நிரல் அதில் கிடையாது. மலிவாக விற்கப்படும் அந்தப் பொட்டலத்துக்குள் பெரும்பாலும் ஒரு சாதாரண மின்தடைதான் இருக்கும். வெப்பநிலை சென்சாரின் கம்பியில் அதை இணைத்து, வெளியே குளிராக இருக்கிறது என்று கணினியை ஏமாற்றுவார்கள். கலவையில் பெட்ரோல் கூடும். பிக்கப் கூடாது. உங்கள் மாநிலத்தில் அதற்கு இன்னொரு விலையும் உண்டு. புகைச் சோதனையில் தோற்பீர்கள்.

புகைச் சோதனை என்றவுடன் இதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் முன்பு 30 ஆண்டு நிறைந்த கார்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் விலக்கு கிடைத்துக்கொண்டிருந்தது. 2004இல் வந்த சட்டத் திருத்தம் அந்த எல்லையை அப்படியே உறையவைத்துவிட்டது. 1975 வரையிலான கார்களுக்கு விலக்கு, 1976 முதல் உள்ளவற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. சேகரிப்பாளர் காராகக் காப்பீடு செய்யாவிட்டால், மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வெளியே வரும் பழைய காரும் அன்றாடம் 100 மைல் ஓடும் காரும் அந்தச் சட்டத்தின் முன் ஒன்று. இது நியாயமே இல்லை. ஆனால் சட்டம் அதுதான். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றினாலோ, மாநில அனுமதி எண் இல்லாத ஒன்றை அதன் இடத்தில் போட்டாலோ, வழக்கமான சோதனையில் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே நிராகரிப்பார்கள். ‘யாரும் பார்க்க மாட்டார்கள்’ என்று பொருத்திக் கொடுக்கும் கடைக்காரர் அன்று உங்களோடு வரமாட்டார்.

டிஃபரன்ஷியல் யோசனை மட்டும் பொய்யல்ல. உங்கள் காரின் பின் அச்சு விகிதம் 2.47. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 2.47 முறை சுற்றும். எண் கூடினால் இழுவையும் கூடும். எரிபொருள் சிக்கன விதிகளுக்குக் கட்டுப்பட்டு, நெடுஞ்சாலையில் இன்ஜின் மெதுவாகச் சுழல வேண்டும் என்பதற்காக வைத்தது. அப்படி வைத்தும் இந்தக் காருக்கு அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்கள்மேல் அமெரிக்க அரசு விதிக்கும் ‘கேஸ் கஸ்லர்’ வரியிலிருந்து தப்ப முடியவில்லை. பிக்கப்பும் போய், வரியும் கட்டிய கார் இது. 450 எஸ்எல் காரின் விகிதம் 3.07. மாற்றினால் எல்லாக் கியரிலும் சுமார் 24 சதவீதம் கூடுதல் இழுவை. பதிலுக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,100 சுற்றாக இருக்கும் இன்ஜின் 2,600 சுற்று ஓடும். பெட்ரோல் கூடும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வேகமானியும் அதே அளவு கூட்டிக் காட்டும். அதைத் திருத்த வேண்டும்.

தரகர் உங்களிடம் சொல்லாதது வேறு. உங்கள் காரில் ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருக்கிறது. பின்சக்கர வேகத்தை அறியும் சென்சார் டிஃபரன்ஷியலில்தான் உட்கார்ந்திருக்கிறது. 450இன் பழைய டிஃபரன்ஷியலில் அதற்கு இடமோ பல்வட்டமோ கிடையாது. அப்படியே போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், அமைப்பு வேலை செய்யாது. விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டால் போதும் என்று சொல்கிற தரகர்கள் இருக்கிறார்கள். மழையில் பிரேக் போடுவது அவர்கள் அல்ல. உங்கள் பழைய கூட்டுக்குள்ளேயே வேறு விகிதப் பற்சக்கரங்களைப் பொருத்தும் வேலை ஒன்று உண்டு. அதற்குப் பற்களின் இடைவெளியை அளந்து அமைக்கத் தெரிந்த கை வேண்டும். வேலைக்கு உத்தரவாதமும் பொருத்திய பற்களின் எண்ணிக்கையும் பில்லில் எழுதித் தரும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். 560இன் பாகங்களுக்குச் சந்தை உண்டு என்பது தரகருக்கு நன்றாகத் தெரியும்.

பெடலை இனி அடிக்கடி அடிவரை மிதிக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று பாக்கி. இந்த வி8 இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினைத் தாங்கும் வழிகாட்டிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. வயதாக ஆக அவை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகின்றன. ஒன்று உடைந்து செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு பேசுவதற்கு இன்ஜினே இருக்காது. முன்பு இருந்த உரிமையாளர் 1,00,000 மைல் அளவில் அவற்றை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று காரோடு வந்த காகிதங்களில் தேடுங்கள். இல்லையென்றால் வால்வு மூடிகளைக் கழற்றி வழிகாட்டிகளின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் நிறம் மாறிக் கரும்பழுப்பாக இருந்தால் அவற்றோடு செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஒதுக்கிய பணம் முதலில் இதற்குப் போகட்டும்.